கொட்டலசும் கோயில் கல்லும்

பிப்ரவரி 18, புதன்

இந்த நோட்டில் இன்று முதல் எழுதப்போகும் கதையை இப்பூவுலகில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்கு முன்பே சத்தியம் செய்து சொல்கிறேன். கதை இதுதான்: சிலுவைமுத்து ஆகிய நான், தங்கச்சிமடம் கடற்கரையின் முடிசூடாத சக்கரவர்த்தி, சுறாமீன் வயிற்றுக்குள்ளிருந்து டிக்கெட் கேட்ட பஸ் கண்டக்டரைக் கண்ணால் கண்டவன், புயலில் ஆடிய பாம்பன் பாலத்தைத் தோள்கொடுத்து நிறுத்தியவன் – இந்தத் தவக்காலம் முடியும்வரை ஒரு பொய்கூடச் சொல்லப்போவதில்லை.

விருப்பம் என்னுடையது அல்ல. தங்கச்சி ஹெலனுடையது. ஊரில் ஆளாளுக்குக் கறியை விடுகிறார்கள், பீடியை விடுகிறார்கள். நானும் பெருந்தன்மையாகக் கறியை விடுவதாக அறிவித்தேன். "கறிய விட்டு யாருக்கு என்ன புண்ணியம்? நீ பொய்ய விடு" என்றாள்.

காரணம் கூத்தையா. உச்சிப்புளிப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர், நல்ல மனிதர். கடற்படை விமானத்தைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று பஸ்ஸில் வரும்போது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். மகள் கல்யாணத்துக்காக அவர் நேராக விமானத்தளத்து வாசலுக்கே போய்க் கேட்டுவிட்டார். காவலுக்கு நின்றவர்கள் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்களாம். பிறகு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஹெலன்தான் வெட்கத்தில் அழுதாள்.

சரி. விட்டாயிற்று. உலகம் இனி எப்படிச் சுற்றும் என்று பார்ப்போம்.

பிப்ரவரி 21, சனி

டீக்கடையில் "இன்னைக்கு மீன் கொஞ்சம் கம்மி" என்றேன். உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

முழங்கால் வலி. விசைப்படகில் டிரைவராகப் போன காலம் போய், கரையில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்க்கிற காலம் இது. கோயிலுக்குப் போகும் வழியில் கால் கெஞ்சியது. மணிக்கூண்டில் சாய்ந்து நின்றேன்.

எங்கள் கோயில் மணிக்கூண்டு தனியாக, முற்றத்தில் நிற்கிறது. பவளக்கல்லில் கட்டிய இரண்டு தூண்கள், மேலே வளைவு, நடுவே இரும்புச் சட்டம், சட்டத்தில் மணி. மணி இரண்டு ஆள் எடை இருக்கும். (அடிக்கடி ஏழு யானை எடை என்று சொல்லியிருக்கிறேன். இப்போது விரதம்.) கயிற்றைப் பிடித்து இழுக்கிறவன் வளைவுக்கு நேர் கீழேதான் நிற்க வேண்டும்.

சாய்ந்து எழுந்தால் சட்டை முதுகெல்லாம் மாவு. தூணில் பெயின்ட் ஓர் இடத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. நகத்தால் கீறினேன். கொப்புளத்துக்கு அடியில் கல் இல்லை. கல் மாதிரி ஒன்று இருந்தது – டீயில் நனைந்த ரஸ்க். விரலை வைத்து அழுத்தினேன். போனது. இரண்டாவது கணுவரை உள்ளே போனது.

நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. உப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு.

சுற்றிவந்து தட்டிப் பார்த்தேன். கோயில் மதில் கல் "ணங்" என்கிறது. தூண் "பொத்" என்கிறது. மேலே அவ்வளவு பெரிய மணி.

பிப்ரவரி 25, புதன்

மரியசெல்வத்திடம் சொன்னேன். ஹெலன் வீட்டுக்காரன், என்ஜின் பட்டறை முதலாளி, ஊர்க் கமிட்டித் தலைவன். மூன்று பதவியையும் ஒரே தொப்பையில் சுமக்கிறவன். பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னது என் புத்தி.

"கல்லுக்குள்ள விரல் போச்சா மச்சான்? விரல் மட்டுந்தானா? போன வருசம் திமிங்கலத்துக்குள்ள ஆளே போயிட்டு வந்தீக."

பட்டறையே சிரித்தது. என்ஜின்கூடச் சிரித்திருக்கும், பிரித்துப் போட்டிருந்ததால் தப்பித்தேன். வந்து பாரேன், பத்து எட்டுதான் என்றேன். கவர்னர் வந்து கூப்பிட்டால் பார்க்கிறேன் என்றான்.

சிரிங்கடா. நல்லாச் சிரிங்க. மூணு பேர் தலையில விழுந்தப்புறம் எல்லாரும் சேந்து சிரிக்கலாம்.

மார்ச் 2, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு படகைக் கரையேற்றி அடிப்பக்கம் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கொட்டலசு – படகின் அடியில் குட்டிக் குட்டிக் கோபுரம்போல் ஒட்டி வளரும் அந்த ஓட்டுச் சனியன் – மண்டிக் கிடந்தது. சுரண்டினால் வராததற்கு மரியசெல்வத்தின் மருந்து: என்ஜின் குழாயில் உப்புப் படிவு எடுக்கிற அதே ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து பிரஷ்ஷால் பூசுவது. நுரைக்கும். கொட்டலசு கரைந்து ஒழுகும். பலகை பளிச்சென்று வந்துவிடும். இந்தக் கரையில் எல்லாரும் அறிந்த வித்தை.

பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு மண்டையில் அடித்தது. மூன்று வருஷமாகத் திருவிழாவுக்கு முன்னால் மணிக்கூண்டைப் பால்போல் வெளுக்கவைப்பது யார்? இவன்தான். எதைப் பூசி? இதைத்தான். கறுத்துக்கிடந்த கல் நுரைத்து வெள்ளையானதும் ஊரே கைதட்டி அவனுக்குப் பொன்னாடை போர்த்தியது. மேலே பளபளவென்று எண்ணெய் பெயின்ட் வேறு.

பவளக்கல் என்பது என்ன? கடலுக்குள் பூச்சிகள் கட்டிய வீடு. உற்றுப் பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூச்சியின் அறைகள் தெரியும். கொட்டலசும் அதே கடல், அதே சுண்ணாம்பு. ஒரு தாய் பிள்ளைகள். அண்ணனைக் கரைக்கிற ஆசிட் தம்பியைத் தடவியா கொடுக்கும்?

சொன்னேன். அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதிவைக்கிறேன், நாளைக்கு யாராவது கேட்டால் என் சரக்கு என்று நினைக்கக்கூடாது:

"மரத்துக்கே ஒண்ணும் ஆகல. ஃபைபருக்கு ஒண்ணும் ஆகல. கல்லுக்கு என்ன மச்சான் ஆகும்? கல்லு மரத்தவிட லேசா?"

இதில் கொடுமை என்னவென்றால், கேட்க நியாயமாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

உதிர்ந்து கிடந்த தூண் துண்டு ஒன்றையும், எங்கள் வீட்டுக் கிணற்றுச் சுவரிலிருந்து ஒரு துண்டையும் – அதே வயசுக் கல், ஆசிட் படாதது – பையில் போட்டுக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு காலேஜில் துர்காதேவி என்ற டீச்சர் சிவில் பாடம் எடுக்கிறார். போன வருஷம் மாணவர்களோடு கரைக்கு வந்து பாறை பார்த்தவர்.

வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டார். "யானைக் கல் ஐயாதானே நீங்க?"

அந்தப் பாறைகளெல்லாம் சேது கட்ட வந்து களைத்துப்போய்க் கல்லாகிவிட்ட யானைகள் என்று அவருடைய பிள்ளைகளுக்கு அப்போது விளக்கம் கொடுத்திருந்தேன். ஒருவன் பரீட்சையில் எழுதிவிட்டானாம்.

இப்போது விரதம் டீச்சர், பொய் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். பிறகு பையை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார். இந்த மாதத்தில் என் பேச்சைக் கேட்ட முதல் மனிதப்பிறவி.

மார்ச் 12, வியாழன்

டீச்சர் வரச்சொல்லிப் போன் செய்தார். போனேன். இரண்டு கல்லையும் ஒரே அளவுக்கு அறுத்து நசுக்கும் மிஷினில் வைத்திருக்கிறார். கிணற்றுக் கல் முனகி முனகித் தாங்கிவிட்டுத்தான் உடைந்தது. தூண் கல் பாதிப் பாரத்தைக்கூட வாங்கவில்லை. சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டது.

அறுத்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். கிணற்றுக் கல்லில் ஓட்டைகள் தனித்தனியாக இருக்கின்றன, அறைக்கு அறை சுவர். தூண் கல்லில் சுவரைக் காணோம். அறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து குகையாகிவிட்டன. ஆசிட் பட்டால் அழுக்கு மட்டும் நுரைப்பதில்லை ஐயா, கல்லேதான் நுரையாகப் போகிறது என்றார். பூசினது மேலேதான், ஆனால் இந்தக் கல் தண்ணீரைக் குடிக்கிற கல், ஆசிட்டையும் குடித்துவிட்டது. சரியாகக் கழுவாமல் விட்டதில் உள்ளே தங்கிய உப்பு ஒன்று காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது – என் நாக்கில் கசந்தது அதுதான். அதன்மேல் பெயின்ட் அடித்து மூடியதால் ஈரம் வெளியே வரவும் வழியில்லை. கடற்காற்று உப்பு வேறு உள்ளே காய்ந்து காய்ந்து பூத்து, மிச்சமிருக்கிற சுவரையும் நெம்புகிறது.

ஆக, வெளியே வெள்ளை வேட்டி. உள்ளே எலும்பு அரிக்கிற நோய். எங்கள் கமிட்டியைப் போலவே.

எப்போது விழும் என்று கேட்டேன். "தேதி எல்லாம் சொல்ல முடியாது ஐயா. சும்மா நின்னா மழைக்காலம் வரைக்கும்கூட நிக்கலாம். ஆட்டினா நிக்காது. மணிய அடிக்காதீங்க."

அடிக்காதீங்களாமே. பாஸ்கா வருதே அம்மா.

எங்கள் ஊர் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? பெரிய வியாழனில் அடங்குகிற மணி, ஈஸ்டர் ராத்திரிப் பாஸ்கா திருப்பலியில் 'உன்னதங்களிலே' பாடும்போது திரும்ப முழங்கும். பாட்டு முடிகிறவரை நிற்கவே கூடாது. நின்றால் அந்த வருஷம் பாடு இல்லை, வலை வெறுமையாக வரும் என்பார்கள். அதனால் இழுக்கிறவன் பேய் பிடித்தவன் மாதிரி இழுப்பான். வளைவு முழுக்க ஆடும். புதுப் படகு இறக்கிய வீட்டு ஆள் இழுக்க வேண்டும் என்பது முறை.

இந்த வருஷம் புதுப் படகு இறக்கியவன் பிரடெரிக். மரியசெல்வத்தின் மகன். என் மருமகன்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

டீச்சர் தன் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு, நசுங்கிய கல்லையும் எடுத்துக்கொண்டு வந்தார். பூசை முடிந்ததும் கமிட்டியைக் கூட்டி நிறுத்தினேன். அவர் பேச ஆரம்பித்ததும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். உதட்டைக் கடிக்கிறார்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்று வருஷம் முன்பு தூத்துக்குடியிலிருந்து என் சித்தப்பா மகனை சஃபாரி சூட் போட்டுக் கூட்டிவந்து மீன்வளத்துறை அதிகாரி என்று சொல்லி, இதே கமிட்டியை ரேஷன் கார்டோடு வெயிலில் வரிசையாக நிற்கவைத்தேன். அருமையான நாள் அது. இன்று அது என் கழுத்தைப் பிடித்தது.

கமிட்டிச் செயலாளர் ஆன்டனி ராஜ் மெதுவாகக் கேட்டான்: "இந்தத் தடவ எந்த ஊரு நாடக செட்டு, அண்ணே? நல்லாப் பேசுறாக."

டீச்சர் அடையாள அட்டையைக் காட்டினார். அந்த சஃபாரியும் அட்டை வைத்திருந்தான் என்றான். உண்மை. நான்தான் பாம்பனில் அடித்துக் கொடுத்தேன்.

தூணை வந்து தொட்டுப் பாருங்கள், போதும் என்று டீச்சர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். தொடப்போனால் பின்னால் நின்று நான் கைதட்டிச் சிரிப்பேன் என்று ஒருத்தனும் நகரவில்லை. மரியசெல்வம் சேருக்கு அடியில் கேமரா இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான்.

பஸ் ஸ்டாப்வரை கூட நடந்தேன். டீச்சர் கோபப்படவில்லை. "நான் தனியா வந்திருக்கணும் ஐயா. நீங்க கூட்டிட்டு வந்ததுதான் தப்பாப் போச்சு" என்றார். பஸ் வந்துவிட்டது.

மார்ச் 16, திங்கள்

பொய் சொன்ன வாய் உண்மை சொல்லக்கூடாதா? எந்தச் சட்டத்தில் இருக்கிறது? காட்டட்டும்.

மார்ச் 20, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்ததும் பங்குச்சாமியைப் பிடித்தேன். இளம் வயசு, வந்து எட்டு மாதம். பொறுமையாகக் கேட்டார். மேற்றிராசனத்தில் ஆயருக்கு எழுதுகிறேன், பாஸ்கா முடிந்ததும் இன்ஜினியரை அனுப்பச் சொல்கிறேன் என்றார். முடிந்ததும் எதுக்குச் சாமி, அடக்கப் பூசைக்கா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. கமிட்டியை மீறி மணியை நிறுத்தினால் ஊர் இரண்டாகும், போன பங்கில் அப்படித்தான் ஆனது என்றார்.

நல்லவர்தான். ஆனால் இந்த உலகத்தில் நல்லவர்கள் எல்லாம் பாஸ்கா முடிந்துதான் வருகிறார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

கடைசி முயற்சி. மரியசெல்வம் தனியாக இருந்தபோது பட்டறை மேஜையில் ஒரு கொட்டலசு, ஒரு தூண் துண்டு, இரண்டிலும் அவன் கேனிலிருந்தே ஆசிட். இரண்டும் ஒரே மாதிரி சீறின. ஒரே நுரை. ஒரே வாடை. கொட்டலசு முதலில் போனது. கல் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

அவன் பார்த்தான். பார்த்தான் என்று எனக்குத் தெரியும். கண் கல்லைவிட்டு நகரவில்லை. சாராயக்கடையில் மகனைப் பார்த்துவிட்ட தகப்பன் மாதிரி ஒரு முகம்.

பிறகு துணியால் மேஜையைத் துடைத்தான். "நொரைக்கிறது மேல உள்ள அழுக்கு மச்சான்."

கழுவித்தானே கொண்டுவந்தேன் மாப்ள என்றேன்.

"எனக்குப் பொன்னாடை போத்துனதுலருந்து உங்களுக்கு வயித்தெரிச்சல். ஊருக்கே தெரியும்."

பொன்னாடையாம் பொன்னாடை. அந்த ஜரிகைத் துண்டுக்கு மகனைக் குடுப்பியாடா நீ? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வாசலில் ஹெலன் நின்றாள்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

ஓலையைப் பிடித்துக்கொண்டு ஊரே அந்த வளைவுக்குக் கீழே நுழைந்து போனது. நான் சுற்றிக்கொண்டு பக்கத்து வாசலால் போனேன். சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தன.

பிரடெரிக்கைக் கடற்கரையில் பார்த்தேன். புதுப் படகுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். கயிற்றைத் தொடாதே மருமகனே என்றேன். காரணத்தையெல்லாம் சொன்னேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. பிரஷ்ஷைக் கழுவிவிட்டு, "உள்ளதுதானா மாமா?" என்று கேட்டான்.

உள்ளதுதான் என்றேன்.

"நான் இழுக்காட்டி அடுத்த படகுக்காரன் இழுப்பான். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளதான. பயந்து ஒதுங்கிட்டேன்னு அய்யாவையும் பேசுவாக. நான் மெதுவா இழுக்குறேன் மாமா."

மெதுவாக இழுக்க முடியாது. பாட்டு நிற்காது, ஊர் விடாது. அவனுக்கும் தெரியும்.

ஒரு மாதமாக உண்மையே பேசுகிறேன். என்ன கிடைத்தது? ஒரு கல் நகர்ந்ததா? ஒரு மயிர் நகர்ந்ததா? உண்மைக்கு இந்தக் கரையில் ஒரு கிலோ நெத்திலிக்கு உள்ள மரியாதை இல்லை.

அப்படியானால் சரி.

மார்ச் 31, செவ்வாய்

ஆண்டவரே, உம்மிடம் பிறகு பேசுகிறேன்.

நாளைக்குச் சொன்னால் ஏப்ரல் முதல் தேதி, நம்ப மாட்டார்கள். அதனால் இன்றே சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்வது அரைகுறைகளின் வேலை. ஆன்டனி ராஜை ஐஸ் பிளான்ட் பின்னால் கூட்டிப்போய், யாரிடமும் மூச்சுவிடாதே என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு, காதோடு சொன்னேன்.

மணியை வார்க்கும்போது போர்த்துக்கீசிய ராணி ஒருத்தி தன் ஒட்டியாணத்தைக் கழற்றி உலையில் போட்டாள். உள்ளே ஐந்து கிலோ தங்கம். வெளியூர்க் கும்பல் ஒன்று மோப்பம் பிடித்துவிட்டது. கல்லைப் பார்க்க என்று ஒரு பெண்மணி வந்தாரே, கல்லையா பார்த்தார்? கண் முழுக்க மணிமேல்தானே இருந்தது? வேவு பார்க்க வந்தவர். என்னையே ஏமாற்றிக் கூட்டிவர வைத்துவிட்டார். பெரிய வியாழனிலிருந்து மணி சும்மா தொங்கும். யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் கைவைப்பார்கள்.

ஆன்டனி ராஜின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "நான் அன்னைக்கே நெனச்சேன் அண்ணே. அந்தம்மா பார்வையே சரியில்ல."

அன்னைக்கே நினைச்சியாடா. நல்லா இரு.

ஏப்ரல் 1, புதன்

நான் சொன்னது ஐந்து கிலோ. காலை டீக்குள் பன்னிரண்டு. மீன் ஏலம் முடிவதற்குள் இருபது. மத்தியானம் யாரோ மணிக்குள் மாதாவின் கிரீடமும் இருக்கிறது என்கிறார்கள். என்னைவிடப் பெரிய பொய்யர்கள் இந்த ஊரில் இலைமறைவாக வாழ்ந்திருக்கிறார்கள். இத்தனை காலம் கெட்ட பெயரை மட்டும் நான் ஒருவனே சுமந்திருக்கிறேன்.

கல் கரையும் என்றேன், கைகொட்டினார்கள். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது அது. தங்கத்தை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அதற்குள் கமிட்டி கூடி, நாளைக் காலை மணியை இறக்கிப் பீடத்துக்குப் பக்கத்து அறையில் பூட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானம். பாஸ்காவுக்கு வெளியே கட்டி அடிப்பார்களாம், சுற்றிலும் ஆள் நிறுத்தி.

எனக்கு சந்தோஷம் வரவில்லை. எதையாவது உடைக்க வேண்டும்போல் இருக்கிறது.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

மணி இறங்கியது.

பட்டறையிலிருந்து பாரம் தூக்கும் செயின் பிளாக் கொண்டுவந்து, தனியாக மூன்று கம்பத்தில் முக்காலி கட்டி, மணியை அதில் மாட்டிக்கொண்டு இரும்புச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். ஏணியில் மரியசெல்வம். தூணில் சட்டம் உட்கார்ந்திருந்த இடத்தில் சட்டம் அசைந்ததும் சத்தம் எதுவும் வரவில்லை. நான் அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். மாவு கொட்டுவதுபோல ஒரு 'ஸ்ஸ்'. அவ்வளவுதான். தூணின் தலை, ஒரு ஆள் தூக்க முடியாத அளவு, பெயின்ட் தோலோடு சரிந்து, கயிறு தொங்குகிற இடத்தில் விழுந்தது.

மணி சங்கிலியில் தொங்கியது. யாருக்கும் அடி இல்லை.

மரியசெல்வம் ஏணியில் நின்றபடியே மிச்சமிருந்த கல்லுக்குள் கையை விட்டான். மணிக்கட்டுவரை போனது. எடுத்துப் பார்த்தான். வெள்ளை மாவு. கீழே விழுந்து கிடந்ததைப் பார்த்தான். அது யார் நிற்க வேண்டிய இடம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இறங்கிவந்து மணலில் உட்கார்ந்துவிட்டான். ஹெலன் தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல், "மூணு வருசம், மச்சான்" என்றான்.

திட்டுவதற்கு ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் என்னிடம் ஒரு வள்ளம் நிறைய இருந்தன. ஒன்றும் வரவில்லை. அதற்காகவும் கோபம்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

டீச்சருக்குப் போன் செய்து, அவரைக் கொள்ளைக் கூட்டத் தலைவியாக்கிய விவரத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மணிய இறக்கிட்டாங்களா?" இறக்கியாச்சு டீச்சர். "அப்ப நான் கொள்ளைக்காரியாவே இருந்துட்டுப் போறேன் ஐயா."

ஏப்ரல் 4, சனி

பாவசங்கீர்த்தனம். தவக்காலத்து வேண்டுதலை முறித்தேன், ஒரே ஒரு பொய் என்றேன். என்ன பொய் என்று கேட்டார் சாமி. அவருக்குத் தெரியாதா? ஊரே அந்தப் பொய்யைப் பூட்டிக் காவல் காக்கிறது. சொன்னேன். வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒன்று கேட்டது.

மனஸ்தாபப்படுகிறீர்களா என்றார். இல்லை சாமி, ஆத்திரப்படுகிறேன் என்றேன். உண்மையைக் கேட்டிருந்தால் பொய் எதற்கு? நானும் கேட்கவில்லையே என்றார் சாமி. பிறகு பரிகாரமாக எனக்கு ஐந்து பரலோக மந்திரம் கொடுத்தார். தனக்கும் ஐந்து என்றார்.

ஏப்ரல் 5, பாஸ்கா

மூன்று பாய்மரத்தைச் சேர்த்துக் கட்டி, முற்றத்து மணலில் மணியைத் தொங்கவிட்டார்கள். பிரடெரிக் இழுத்தான். பாட்டு முடிகிறவரை நிற்கவில்லை. முடிந்த பிறகும் நிற்கவில்லை. ஹெலன் போய்க் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 26, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில். துர்காதேவி டீச்சர் மாணவர்களோடு வந்து மணிக்கூண்டில் கல் கல்லாகத் தட்டிப் பார்த்துக் குறிபோட்டார். தேறும் கல் ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம். தேறாத குவியல்தான் பெரிசு. மரியசெல்வமும் பிரடெரிக்கும் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஆன்டனி ராஜ் டீச்சருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுப் பூவரச மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஆனால் மணியை இன்னும் போகிறபோது வருகிறபோதெல்லாம் சுண்டிப் பார்க்கிறான்.

படகுகளுக்கு அடிப்பக்கம் சுத்தம் செய்கிற நேரம் இது. ஆசிட் கேனைக் கோயில் மதிலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவரக்கூடாது என்று மரியசெல்வம் பட்டறைச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறான். நான் எது சொன்னாலும் இப்போது "சரி மச்சான்" என்கிறான். நேற்று, நிலாவில் நண்டு வறுத்துத் தின்ற கதையை ஆரம்பித்தேன். அதற்கும் "சரி மச்சான்". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி நம்பினால் மனுசன் எப்படிப் பிழைப்பு நடத்துவது?

விரதம் முடிந்துவிட்டதால் டீக்கடையில் என் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். பெரிய வியாழன் கதையைத்தான் கேட்கிறார்கள். தூண் சரிந்த சத்தம் தலைமன்னார்வரை கேட்டது, மணி வானத்தில் ஒரு பல்டி அடித்தது, விழுந்த வளைவை இடது கையில் தாங்கிக்கொண்டு வலது கையால் கீழே நின்ற இருநூறு பேரையும் கொத்தாக இழுத்துப் போட்டேன் என்று சொல்கிறேன். சொல்லச் சொல்ல நன்றாக வருகிறது.

எல்லாம் பொய். சத்தமே கேட்கவில்லை. மணி அசையாமல் தொங்கியது. இந்த இடது கை ஒரு குடத்தைக்கூடத் தாங்காது.

பெரிய வியாழன் அன்று கயிற்றை அவிழ்க்கப் பிரடெரிக் வளைவுக்குக் கீழே போயிருந்தான். அந்த 'ஸ்ஸ்' கேட்டதும் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். இருநூறு பேர் இல்லை. ஒருவன். அது மட்டும் உண்மை.